மருத்துவப் படிப்புக்கு எங்கள் லயம் சொன்ன தவறான விடைகள்

ஜூலை பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை.

விடியுமுன் எழுந்தேன். வாசலில் தொங்கும் வெப்பமானியைப் பார்த்து நாட்குறிப்பில் எழுதினேன்: பதினாறு பாகை, பனிமூட்டம், மழையில்லை. தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், கலக்கிக் குடித்தேன். சவரம் செய்தேன். காலில் போடும் சப்பாத்தைத் துடைத்தேன். காரின் தண்ணீர், எண்ணெய், டயர் காற்று ஆகியவற்றை இந்த வரிசையிலேயே பார்த்தேன். வேறு வரிசையில் பார்த்தாலும் கார் ஓடும் என்று என் மனைவி சாந்தி சொல்வாள். ஓடலாம். நான் பார்த்ததில்லை.

வழக்கமான சனிக்கிழமையாக இருந்திருந்தால் அடுத்து ஆலை அலுவலகத்துக்கு நடந்திருப்பேன். ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். அன்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். காரணம் என்ற இடத்தில் 'மகள் மருத்துவராவது தொடர்பாக' என்று எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "டாக்டர் ஆகி முடியற வரைக்கும் லீவா, கிராணி?" என்று கேட்டார்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் ஆலைச் சங்கைப் பற்றி எழுதியதற்கு, சங்கு ஊதும் நேரத்தைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டேன் என்று இரண்டு வாசகர்கள் கடிதம் போட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டது பக்கத்துத் தோட்டத்துச் சங்கு. இதை இங்கே பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

அன்றைய அலுவல் ஒன்றுதான். என் மகள் யாமினியை ஈப்போ நகருக்கு அழைத்துப் போய், மருத்துவப் படிப்பில் சேர்வதற்கான திறனறித் தேர்வை எழுத வைத்து, திரும்ப அழைத்து வர வேண்டும். சனிக்கிழமைகளில் கியா பார்ம் பக்கம் ஸ்ட்ராபெரி பார்க்க வருகிறவர்களின் கார்கள் நகராது. ஆகையால் தாப்பா வழியாக மலையிறங்குவது என்று முடிவு.

கார் கிளம்பும்போது, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். யாமினியின் நெற்றியில் ஒருவர் பூசிய திருநீற்றின் மேல் இன்னொருவர் பூசினார். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா மட்டும் வரவில்லை. அவர் ஏன் வரவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மனித குணத்தில் நான்காம் நிலை

யாமினி ஆறாம் படிவத்தில், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பில், நல்ல மதிப்பெண் வாங்கியவள். பழைய காலமாக இருந்தால் அதுவே போதும். இப்போது போதாது. அவள் விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகம் இந்தத் திறனறித் தேர்வையும் கேட்டது. தேர்வில் வாசிப்பு உண்டு, கணக்கு உண்டு, முக்கோணமும் வட்டமும் கலந்த புதிர்ப் படங்கள் உண்டு. கடைசியில் 'சூழ்நிலைப் பகுதி' என்று ஒன்று உண்டு. மருத்துவமனையில் நடக்கக்கூடிய ஒரு சங்கடத்தைச் சொல்லி, இன்னது செய்வது மிகவும் பொருத்தமா, பொருத்தமா, பொருத்தமில்லையா, சிறிதும் பொருத்தமில்லையா என்று கேட்பார்கள். அதன் முடிவை மதிப்பெண்ணாகத் தர மாட்டார்கள். ஒன்று முதல் நான்கு வரை ஒரு நிலை தருவார்கள். நான்காம் நிலை வந்தால் மற்ற பகுதிகளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் விண்ணப்பத்தைப் பார்க்கவே மாட்டார்கள்.

மாதிரித் தேர்வுகளில் யாமினி வாசிப்பில் கெட்டிக்காரி, கணக்கில் கெட்டிக்காரி, முக்கோணத்தில் மகா கெட்டிக்காரி. சூழ்நிலைப் பகுதியில் நான்காம் நிலை. மறுபடி எழுதினாள். நான்கு. இன்னொரு முறை. நான்கு.

"என்னாங்க இது?" என்றாள் சாந்தி. "எம் புள்ளைக்கு மனசே இல்லன்னு சொல்லுதா அந்த கம்ப்யூட்டர்?"

"மனசு இருக்காம். பொருத்தமா இல்லையாம்" என்றேன்.

இணையத்தில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்தோம். கோலாலம்பூரிலிருந்து திரையில் தோன்றிய ஆசிரியர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த புத்தக அலமாரி அவர் அசையும்போதெல்லாம் அவருடைய காதைக் கொஞ்சம் தின்றது. "பரிவு ரொம்ப முக்கியம்" என்றார் அவர். "ஆனா விடைல பரிவைக் காட்டிடாதீங்க. கேள்வி வெச்சவருக்குப் பரிவு எங்க இருக்குன்னு பாருங்க."

யாமினி இதைக் குறித்துக்கொண்டாள். அடுத்த மாதிரித் தேர்வில் நான்காம் நிலை.

துரை சீவச் சொன்ன பென்சில்

திறனறித் தேர்வு எங்கள் தோட்டத்துக்குப் புதிதல்ல. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இருந்த மேனேஜரை எல்லோரும் துரை என்றே சொல்வோம், அவர் உள்ளூர்க்காரர்தான். நேர்முகத்துக்குப் போனபோது அவர் என் சான்றிதழ்களைப் பார்க்கவில்லை. ஒரு பிளேடையும் சில பென்சில்களையும் தள்ளி, "சீவு" என்றார். சீவினேன். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்குச் சீவி, முனைகளை ஒரே பக்கம் வைத்து அடுக்கினேன். "நாளைக்கு வா" என்றார்.

எனக்கு முன்னால் போனவர் பட்டதாரி. அவருக்கும் அதே பென்சில்கள்தான். ஒன்றைச் சீவிவிட்டு, "மீதி எதுக்கு சார்?" என்று கேட்டாராம். அவர் இப்போது தானா ராத்தாவில் பெரிய ஹோட்டல் வைத்திருக்கிறார். தேர்வுகள் சரியான ஆளைத்தான் தேர்ந்தெடுக்கின்றன என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. எதற்குச் சரியான ஆள் என்பதில்தான் கொஞ்சம்.

மேலே, பக்கத்தில்

யாமினியின் சிக்கல் என்னவென்று கண்டுபிடித்தவன் என் மைத்துனன் முத்து. காய்கறி லோரி ஓட்டுகிறவன். சாயங்காலம் சந்தைக்குக் கிளம்பும் முன் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிப்பான். அந்த நேரத்தில் பாக்கியம் அக்காவும் மலையிலிருந்து இறங்கி, கொழுந்து வெட்டும் கத்தரியோடும் ரப்பர் பூட்ஸோடும் அப்படியே வந்து படியில் உட்காருவார். யாமினி அங்கேதான் கணினியோடு இருப்பாள். வீட்டுக்குள் இணையம் வராது, வாசலில் வரும்.

"சத்தமா படி, நாங்களும் கேக்கறோம்" என்றான் முத்து ஒருநாள்.

யாமினி படித்துத் தமிழில் சொன்னாள். ஒரு மாணவன் வகுப்புக்கு வரவில்லை. அவனுக்கும் சேர்த்து அவன் தோழன் வருகைப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறான். நீங்கள் பார்த்துவிடுகிறீர்கள். பொறுப்பாளரிடம் சொல்வது எவ்வளவு பொருத்தம்?

"இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றான் முத்து. "பாத்தவன் கண்ண மூடிக்கணும் லா."

"வராத புள்ள வீட்ல என்னா கஷ்டமோ" என்றாள் சாந்தி உள்ளிருந்து.

"காட்டிக் குடுக்கறவன் டாக்டராகி யாருக்குப் பிரயோசனம்?" என்றார் பாக்கியம் அக்கா. "சிறிதும் இல்லன்னு போடு, தங்கம்."

யாமினி போட்டாள். அவள் மனதிலும் அதுதான் இருந்தது. கணினி சிவப்பில் காட்டியது. சரியான விடை: மிகவும் பொருத்தம்.

இதை வாசகர்கள் புரிந்துகொள்ள வேண்டுமானால் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. வராதவளின் பெயரைக் கூப்பிட்டால் பின்வரிசையிலிருந்து யாராவது, "இருக்கா, வர்றா" என்று குரல் கொடுப்பார்கள். முதுகு வலிக்காரியின் கூடையில் போகிறபோக்கில் இரண்டு கை கொழுந்து விழும். நான் கிராணி, எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாமல் இருப்பது என் வேலையில் ஒரு பகுதி.

அடுத்த கேள்வி. வார்டில் ஒரு நோயாளிக்கு என்ன நோய் என்று மாணவிக்குத் தெரியும். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் மாணவியின் உறவினர். வீட்டுக்கு வந்து, அவருக்கு என்ன என்று கவலையோடு விசாரிக்கிறார். சொல்வது எவ்வளவு பொருத்தம்?

"சொல்லாம?" என்றான் முத்து. "பக்கத்து வீட்டுக்காரன் லா! நாளைக்கு காடி எடுத்துக்கிட்டு ஓடப்போறது அவன்தான்."

"மிகவும் பொருத்தம்" என்றார் பாக்கியம் அக்கா, தீர்ப்பு வழங்குவதுபோல.

சிவப்பு.

பக்கத்தில் சொல்வது என்றால் எங்கள் லயத்தில் எந்த அளவுக்கு என்று என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு முறை தானா ராத்தா ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பரிசோதித்து, மூலம் என்றார். நான் சாந்திக்கு மட்டும் தொலைபேசியில் சொன்னேன். ஆலைக்குத் திரும்பியபோது, எங்களிடம் வேலை செய்யும் பங்களாதேஷ் இளைஞர் ஒருவர் என் நாற்காலியில் ஒரு தலையணையை வைத்துவிட்டு, "அங்கிள், ஓகே?" என்று கேட்டார்.

முத்து கிளாசைக் கீழே வைத்தான். "மச்சான், இந்தப் பரீச்ச எழுதனவன் நம்ம லயத்துக்கு வந்து போயிருக்கான். நாம என்னா சொல்வோமோ அதெல்லாம் தப்புன்னு எழுதி வெச்சிருக்கான்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் லயத்தின் சட்டம் இதுதான்: மேலே சொல்லாதே, பக்கத்தில் சொல்லாமல் இராதே. தேர்வின் சட்டம்: மேலே சொல், பக்கத்தில் மூச்சு விடாதே. என் மகள் நல்ல பிள்ளையாக வளர்க்கப்பட்டிருந்தாள். அதனால்தான் நான்காம் நிலை.

நம்பத்தகுந்த தவறு

முத்து கண்டுபிடித்த முறை எளியது. யாமினி கேள்வியைச் சொல்ல வேண்டும். லயம் விடை சொல்ல வேண்டும். யாமினி அதற்கு நேர் எதிரானதைத் தட்ட வேண்டும்.

முதல் நாளே மூன்றாம் நிலை வந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று. எங்கள் வாசலில் கூட்டம் கூடத் தொடங்கியது. பொருத்தமான விடைக்கு லயம் ஒரு கருவியைப்போல வேலை செய்தது. எப்போதும் தலைகீழாகக் காட்டும் திசைகாட்டி மாதிரி. திசைகாட்டி எப்போதும் தலைகீழாகக் காட்டினால் அதை நம்பிக் கப்பலே ஓட்டலாம்.

நோயாளியின் குடும்பம் ஒரு மாணவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கிறது. வாங்கிக்கொள்வது பொருத்தமா?

"வாங்காம என்னா, வெசமா வெச்சிருக்கு?" என்றான் முத்து.

"வாங்கணும். சாப்ட்டுட்டு, கழுவி, காலியா குடுக்காம எதாச்சும் போட்டுக் குடுக்கணும்" என்றாள் சாந்தி.

யாமினி 'பொருத்தமில்லை' என்று தட்டினாள். பச்சை. வாசலில் கைத்தட்டல்.

பெரிய டாக்டர் கைகழுவாமல் நோயாளியைத் தொடப்போகிறார். மாணவி அவரிடம் உடனே சொல்வது பொருத்தமா?

"அலாமாக்! பெரிய டாக்டர் கைய பத்தி பேச நீ யாரு?" என்றார்கள் எல்லோரும்.

பச்சை. மறுபடியும் கைத்தட்டல்.

அவர்களிலும் பாக்கியம் அக்காதான் தலைசிறந்தவர். மற்றவர்கள் அவ்வப்போது தயங்கி, பாதி சரியாகச் சொல்லிவிடுவார்கள். அக்கா ஒருபோதும் பிசகியதில்லை. எல்லாம் தவறு, உறுதியான தவறு, சந்தேகமில்லாத தவறு. ஆகவே யாமினி அவரையே பெரிதும் நம்பினாள். லயத்தில் அவருக்கு மதிப்புக் கூடியது. "அக்கா எப்புடி இப்புடி தப்பாவே சொல்றீங்க?" என்று கேட்பார்கள். "அது வரும் லா" என்பார் அக்கா அடக்கத்தோடு.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே எழுதவில்லை. தன் மகள் மருத்துவம் படிக்க வேண்டுமென்று ஒரு ஊரே உட்கார்ந்து, தான் நல்லது என்று நம்பியதெல்லாம் பொருத்தமில்லை என்று நிரூபணமாகும்போது கைத்தட்டியது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் தட்டினேன்.

பாக்கியம் அக்கா சொன்ன சரியான விடை

தேர்வுக்கு முந்திய வியாழக்கிழமை இந்தக் கேள்வி வந்தது. ஒரு நோயாளி தன் நோயைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று மாணவியைக் கேட்டுக்கொள்கிறார். வெளியே அவருடைய மகள் நின்று அழுகிறாள். மாணவி அவளிடம் சொல்லிவிடுவது எவ்வளவு பொருத்தம்?

"சொல்லியே ஆவணும். பெத்த மக" என்றான் முத்து.

"அழுவறவகிட்ட எப்புடி சொல்லாம இருக்கறது?" என்றாள் சாந்தி.

யாமினியின் விரல் எதிர்ப் பக்கம் போனது. வழக்கம்போல அக்காவை ஒரு முறை பார்த்தாள்.

"சொல்லக் கூடாது" என்றார் பாக்கியம் அக்கா.

யாமினியின் விரல் பாதியில் நின்றது.

"என்னாக்கா?" என்றான் முத்து.

"வேணாம்னு கேட்டுக்கிட்டாங்கல்ல. அவங்க ஒடம்பு, அவங்க வாய். சிறிதும் பொருத்தமில்ல."

"அக்கா, நீங்க சரியா சொல்லாதீங்கக்கா. தப்பா சொல்லுங்க. ஒங்கள நம்பித்தான் புள்ள இருக்கா!"

"எனக்குத் தோணுனத நான் சொல்றேன்."

அன்று அதே மாதிரிக் கேள்விகள் பல வந்தன. ரகசியம் என்று வந்தபோதெல்லாம் அக்கா, சொல்லக் கூடாது என்றார். யாமினி குழம்பினாள். யாரை எதிர்ப்பது? பல நாள் பழக்கத்தில் அக்காவையே எதிர்த்தாள். கடைசியில் திரை காட்டியது: நான்காம் நிலை.

அவள் கணினியை மூடிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குழாய்ச் சத்தத்துக்குள் அழுதால் கேட்காது என்று நினைத்தாள். எங்கள் லயத்தில் அதுவும் கேட்கும்.

முத்துவுக்குக் கோபம். "அக்கா கள்ளத்தனமா படிச்சிட்டாங்க மச்சான். எத்தன நாளைக்குத் தப்பா சொல்றதுன்னு ரோசம் வந்துருச்சு." பிறகு அவரிடமே போய், "நாளைக்கு ஒரு நாளு நீங்க வாசலுக்கு வராதீங்கக்கா. கோயிலுக்குப் போய்ட்டு வாங்க" என்றான்.

அக்கா கத்தரியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வெள்ளிக்கிழமை வரவில்லை. சனிக்கிழமை காலையும் வரவில்லை.

ஈப்போவில்

தேர்வு மையத்தின் வாசலில் யாமினியின் பைகளைத் திருப்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மணிக்கட்டில் கட்டியிருந்த கோயில் கயிற்றில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு, நம்பிக்கைக்குரியவள்தானா என்று சோதிக்க உள்ளே அனுப்பினார்கள்.

நான் எதிரிலிருந்த மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், உட்கார்ந்தேன். அடுத்த மேசையில் இன்னொரு அப்பா இருந்தார். ஈப்போக்காரர், பேச்சில் வசதி தெரிந்தது.

"இந்த டெஸ்டுக்குப் படிச்சுத் தயாராகவே முடியாது சார்" என்றார். "இயற்கையா இருக்கற குணத்தைத்தான் பாக்கறாங்க. அவங்களே வெப்சைட்ல போட்டிருக்காங்க."

"அப்படியா?"

"ஆமா. அதனாலதான் என் பையனை மூணு டியூஷனுக்கு அனுப்பினேன். நீங்க எங்க அனுப்பினீங்க?"

"வாசலுக்கு" என்றேன்.

அது ஏதோ புது மையத்தின் பெயர் என்று நினைத்திருப்பார். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்களா என்று கேட்டார்.

முத்து மூன்று முறை அழைத்தான். மூன்று முறையும், "முடிஞ்சிச்சா மச்சான்?" என்றான். பின்னணியில் கூட்டத்தின் சத்தம் கேட்டது. லயம் முழுவதும் எங்கள் வாசலில்தான் இருந்தது.

யாமினி வெளியே வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. இந்தத் தேர்வில் முடிவை அப்போதே அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அவள் தாளை நீட்டினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக வாசித்தேன். வாசிப்பு, கணக்கு, படங்கள். எல்லாம் நன்று.

"அப்பா, கடைசி வரியப் பாருங்கப்பா!"

சூழ்நிலைப் பகுதி: முதல் நிலை.

தாப்பா மலைப்பாதையில் ஏறும்போதுதான் கேட்டேன். "எப்படிப் போட்டே?"

"எல்லாரையும் மனசுக்குள்ள நம்ம வாசல்ல உக்கார வெச்சேன்பா. மாமா இது சொல்வாரு, அம்மா அது சொல்வாங்கன்னு. அப்படியே மாத்திப் போட்டேன்."

"பாக்கியம் அக்கா?"

"அத்தைய மட்டும் எந்தப் பக்கம் உக்கார வெக்கறதுன்னே தெரியல. ரகசியக் கேள்வி வந்தப்ப மட்டும் அத்தை சொன்னத மாத்தாம அப்படியே போட்டேன்." சாலையோரத்தில் பெத்தாய்க் காய் விற்கும் குடிசைகள் கடந்து போயின. "அத்த ரோசத்துல சொல்லலப்பா. நெனச்சுத்தான் சொன்னாங்க."

பின்கதவு

கார் நிற்கும் முன்பே முத்து கதவைத் திறந்தான்.

"எத்தன?"

"ஒண்ணு மாமா!"

"அப்ப நாம சொன்னது?"

"எல்லாமே தப்பு மாமா!"

"எல்லாமே தப்பு!" என்று முத்து லயத்தைப் பார்த்துக் கத்தினான். ஆரவாரம் எழுந்தது. ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "நான் சொன்னதுமா தப்பு?" என்று உறுதி செய்துகொண்டார். ஆமாம் என்றேன். அவர் கண் கலங்கியது. சாந்தி பாயசம் வைத்தாள். நெய் தீர்ந்து, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது.

அந்தச் சத்தத்தில் பாக்கியம் அக்கா வாசல் வழியாக வரவில்லை. பின்பக்கமாக வந்து யாமினியைக் கூப்பிட்டார். யாமினி அவரைச் சமையலறைக்குப் பின்னாலிருக்கும் துணி துவைக்கும் இடத்துக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த ஓசை எனக்குக் கேட்டது. எங்கள் லயத்தில் பகலில் ஆள் இருக்கும்போது கதவைத் தாழிடுவது கிடையாது. மனத்தாங்கலைப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தேன். நாட்குறிப்பில் அப்படித்தான் எழுதினேன்.

உள்ளே நடந்ததை எனக்குச் சொன்னது யாமினி அல்ல. பல மாதங்களுக்குப் பிறகு அக்காவே சொன்னார். இந்த அத்தியாயத்தையும் அவரிடம் வாசித்துக் காட்டிய பின்பே அனுப்புகிறேன். "எழுது தம்பி. ஆனா கட்ட வெரல்னு எழுது, அதான் வெயிட்டா இருக்கும்" என்றார். உண்மை என்னவென்றால், அது காலில் சுண்டுவிரலுக்குப் பக்கத்து விரல்.

அக்காவுக்கு நீண்ட காலமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உண்டு. ரப்பர் பூட்ஸுக்குள் அந்த விரலில் ஒரு புண் வந்திருந்தது. ஆறவில்லை. வலிக்கவும் இல்லை, வலிக்காததுதான் அவருக்குப் பயம். யாரிடமும் சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் லயத்தில் ஒருவரிடம் சொல்வது என்று ஒன்று கிடையாது. இதற்கு முன் ஒருத்திக்குக் காலில் புண் வந்தபோது அரை நாளில் அத்தனை பேரும் அவள் வீட்டில் இருந்தார்கள். ஒருவர் பப்பாளி இலை, ஒருவர் மஞ்சள், ஒருவர் யார் யாருக்குக் கால் எடுத்தார்கள் என்ற கதை. அழுகை. அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவே பயந்து ஒளிந்தாள். பிறகு முழங்கால் வரைக்கும் போயிற்று.

"ஊரே வந்து அழுவும் தம்பி" என்றார் அக்கா என்னிடம். "அவங்க அழுது முடிக்கறதுக்குள்ள காலு போயிரும்."

ஆகவே பூட்ஸைக் கழற்றாமலே எங்கள் படியில் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். நோயாளியின் ரகசியத்தைச் சொல்லலாமா என்று கேள்வி வந்தபோது அவர் தேர்வுக்காக விடை சொல்லவில்லை.

துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்து யாமினியிடம் அவர் சொன்னது இது: "நீ யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ஈப்போவுல கம்ப்யூட்டர்லயே பாத்துப் பேப்பர் குடுத்திருக்காங்கல்ல. லயத்துல அப்புடி வேற யாரு இருக்கா? அதான் ஒங்கிட்ட வந்தேன்." பிறகு பூட்ஸைக் கழற்றினார்.

யாமினி மருத்துவர் அல்ல. மருத்துவ மாணவிகூட இல்லை. அவளிடம் இருந்ததெல்லாம் அந்த ஒரு தாள். லயம் சொல்லிக்கொடுத்தபடி நடப்பதாக இருந்தால் கதவைத் திறந்து, "மாமா!" என்று ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டும். முத்து ஒருவனே போதும். மிச்சம் பேருக்கு அவன் சொல்லிவிடுவான்.

அவள் குரல் கொடுக்கவில்லை. "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அத்தை. ஆனா நீங்க எங்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றாளாம். அக்கா முடியாது என்றாராம். யாமினி கல்லுக்குப் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். அக்கா சரி என்னும் வரை எழுந்திருக்கவில்லை.

வெளியே நாங்கள் பாயசம் குடித்துக்கொண்டிருந்தோம். பின்பக்கமிருந்து திரும்பி வந்த யாமினியின் பாவாடை நனைந்திருந்தது. "என்னாடி ஆச்சு?" என்று கேட்டாள் சாந்தி. "ஒண்ணுல்லம்மா" என்றாள். அவள் பொய் சொல்லி நாங்கள் பார்த்ததில்லை. ஆகையால் நம்பினோம்.

மறுநாள்

ஞாயிற்றுக்கிழமை. நான் எழுந்து வெப்பமானியிடம் போகும் முன்பே யாமினி உடுத்திக்கொண்டு நின்றாள்.

"அப்பா, காடிச் சாவி வேணும்."

"எங்க?"

"தானா ராத்தாவுக்கு."

"யாரோட?"

அவள் சாவிக்காகக் கையை நீட்டினாள். தலையைக் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் என்பதைத் தவிர வேறு யாரோ ஒருவர் அப்போது என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் இன்னொரு முறை கேட்பது பொருத்தமில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். தண்ணீர், எண்ணெய், காற்று எதையும் பார்க்காமலே கார் கிளம்பிப் போயிற்று. பனிமூட்டத்தில் பின்னிருக்கையில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை. நான் உற்றுப் பார்க்கவும் இல்லை.

"என்னாங்க, காடி சத்தம் கேட்டுச்சே. எங்க போறா?" என்று சமையலறையிலிருந்து சாந்தி கேட்டாள்.

"தெரியல" என்றேன்.

எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் லயத்திலேயே அப்படி ஒரு பதிலை அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. சாந்தி கையில் கரண்டியோடு வெளியே வந்து, எனக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.